எழிலுக்கு ஒரு மார்க்கச்சு

செஞ்சிக் கூட்டுச்சாலையை அடுத்த உரக்கடை ஒன்றில் மூட்டை இறக்கும் எழிலை, அங்கு வரும் உழவர் எல்லாரும் தம்பி என்றே அழைப்பர். சொந்த ஊரான வல்லத்திலோ அவன் இன்றும் ரங்கநாதன் மகள்தான். பெண்ணென்று பதியப்பெற்றுப் பிறந்து, ஆணென்று தன்னை உணர்ந்து, அவ்வாறே வாழத் துணிந்த திருநம்பி அவன். தலைமுடியைக் குறைத்தான், சட்டையும் பேண்ட்டும் அணிந்தான், பெயர் இருபாலார்க்கும் பொருந்துவதாய் அமைந்தமையால் அதை மாற்றவில்லை. மாற்ற இயலாமல் நின்றது மார்பு ஒன்றே.

அதை மறைக்க அவன் கண்ட வழி, சுளுக்குக்குச் சுற்றும் கிரேப் பேண்டேஜ். விடியலில் எழுந்து அதை மார்பைச் சுற்றி இழுத்துக் கட்டுவான். வெயில் ஏற ஏற அது சுருண்டு, கயிறாகி, விலாவில் பதியும். மூட்டை தோளில் ஏறியபின் ஆழ்ந்து மூச்சிழுக்க இடமிராது. சித்திரையில் ஒரு நண்பகல், யூரியா வந்த லாரியின் அருகே கண் இருண்டு சரிந்தான். கடை முதலாளி தனசேகரன் முகத்தில் நீர் தெளித்து, காற்றுப் படட்டும் என்று சட்டைப் பொத்தானை நோக்கிக் கை நீட்டினார். அரை நினைவிலும் எழில் அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

தனசேகரன் சினங்கொள்ளவில்லை. "தம்பி, மூச்சு வாங்கற ஆள வச்சிகினு நான் லோடு எறக்க முடியாது. ஒடம்ப பாத்துக்கினு வா. இன்னொரு தபா இப்டி ஆச்சின்னா வேற ஆள் போட்டுருவேன்" என்றார்.

எழில் அஞ்சியது கூலியை எண்ணி அன்று. தன்னை ஆணென்று ஒரு கேள்வியும் இன்றி ஏற்ற இடம் இவ்வுலகில் அக்கடை ஒன்றே. கட்டை அவிழ்த்தால் அவ்விடம் போகும். கட்டினால் மூச்சுப் போகும். எதைக் காப்பது என்று அவனுக்கு விளங்கவில்லை.

அவன் விழுந்த செய்தி மாலைக்குள் தாய் வசந்தாவை எட்டியது. கணவன் மறைந்தபின் அவனோடு தனித்து வாழ்பவள் அவள். மகள் என்னவும் நா எழாமல், மகன் என்னவும் துணிவில்லாமல், பிள்ளை என்று சொல்லியே காலத்தைத் தள்ளி வந்தாள். மறுநாள் பனமலைக்குச் சென்று தாளகிரீசுவரர் திருமுன் நின்றாள். எதை வேண்டுவது என்று தெரியவில்லை. தன் மேனியிலேயே பெண்ணுக்குப் பாதி ஈந்த பெருமானுக்கு ஆணா பெண்ணா என்னும் இம்மயக்கம் புதிதாயிராது, வசந்தாவுக்கோ புதிது. பிள்ளைக்கு மூச்சு நன்றாக வர வேண்டும் என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

திரும்பியவள், எழிலிடம் சொல்லாமல், ரவிக்கை தைக்கும் ஜெயக்கொடியின் கடைக்குப் போனாள். அவ்வூர்ப் பெண்டிர் தையற்காரியிடம் உடலை அளக்கக் கொடுப்பதில்லை. பொருந்தியிருக்கும் பழைய ரவிக்கையைக் கொடுத்து, அதைப் பார்த்துத் தைக்கச் சொல்வர். அதற்கு அளவு ஜாக்கெட் என்று பெயர். தமக்கையின் திருமணத்தில் அழுதுகொண்டே எழில் அணிந்த பட்டு ரவிக்கை ஒன்று பெட்டியின் அடியில் கிடந்தது. வசந்தா அதைத்தான் எடுத்துச் சென்றாள்.

"இன்னா வசந்தா, எழிலு புடவ கட்டப்போவுதா?" என்று கேட்டாள் ஜெயக்கொடி.

"இல்லக்கா. உள்ள போடறதுக்கு. கெட்டியா, ஆடாம நிக்கணும்."

"அத மொதல்லயே சொல்றதில்ல? கேன்வாஸ் வச்சி, கப்பு நிக்கிற மாதிரி தச்சிடறேன். போட்டா செலையாட்டம் இருக்கும்."

அது சரியா பிழையா என்று வசந்தாவுக்குத் தெரியவில்லை. கெட்டி என்பது உறுதியாயிற்று, தலையசைத்துவிட்டு வந்தாள்.

தைத்து வந்ததை எழில் அணிந்து கண்ணாடி முன் நின்றான். மூச்சு தடையின்றி வந்தது. ஆனால் இத்தனை ஆண்டுகள் அவன் அமுக்கி மறைத்தது முன்னெப்போதினும் எடுப்பாக எழுந்து நின்றது.

"இன்னாம்மா இது? நான் மறைக்க பாடுபடறேன், நீ எடுத்துக் காட்ற."

"அளவு ஜாக்கெட்டு குடுத்துதான தச்சாந்தேன்? அளவு தப்பாயிடுச்சா?"

"அளவு சரியாத்தான் இருக்குது. அதாம்மா தப்பு."

எழில் கழற்றிப் போட்ட துணியை வசந்தா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பொருந்துவது எப்படிப் பிழையாகும் என்பது அவளுக்கு எட்டவில்லை.

விழுப்புரத்தில் அன்புச்செல்வன் என்றொரு நண்பன் உண்டு, அவனும் திருநம்பியே. கைப்பேசியில் எழில் நடந்ததைச் சொல்ல, அவன் முதலில் வெகுநேரம் சிரித்தான். பேண்டேஜ் என்றதும் சிரிப்பை நிறுத்தித் திட்டினான். அது விலா எலும்பையே கெடுக்கும் என்றான். மார்பைத் தட்டையாக்கவே தைத்த மேற்சட்டை உண்டு, பைண்டர் என்பர், கைப்பேசியிலேயே வரவழைக்கலாம் என்றான். இறுக்கம் மிகுந்தால் நல்லது என்று எண்ணிச் சிறியதை வாங்காதே. இரண்டு அளவுக்கு நடுவே வந்தால் பெரியதையே கேள். வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடு, படுக்கும்போது அணியாதே என்றான். எல்லாவற்றுக்கும் முன்னால், கட்டை அவிழ்த்துவிட்டு வெற்று மார்பை அளக்க வேண்டும் என்றான்.

எழில் கதவைச் சாத்திக்கொண்டு தானே அளந்து பார்த்தான். அளவு நாடா முதுகில் நழுவியது. ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் எண் வந்தது. கட்டின் மேலேயே அளந்துவிடலாமா என்றும் எண்ணினான். பிறகு கதவைத் திறந்து, "அம்மா, இத புடி" என்றான்.

கட்டு அவிழ்ந்ததும் வசந்தா கண்டது மார்பை அன்று. விலாவெங்கும் கன்றிச் சிவந்த தழும்புகளை. நாடாவைச் சுற்றினாள், சுற்றியவள், ரவிக்கைக்கு அளப்பதுபோலவே இரு விரலை உள்ளே விட்டுப் பிடித்தாள்.

"விரல எடும்மா. லூசா போயிடும்."

"மூச்சு உட எடம் வேணாமா?"

விரலை எடுத்தால் ஓர் அளவு. எடுக்காவிட்டால் அடுத்த அளவு. எழில் பெரியதையே கேட்டு அனுப்பினான்.

வந்த பைண்டர் கழுத்து வழியே நுழைந்து, விலாவை அறுக்காமல் படிந்தது. கை தூக்கினால் மேலேறவில்லை. மூச்சு அடிவயிறு வரை சென்று மீண்டது. ஆயினும் மார்பு முற்றும் தட்டையாகவில்லை. பக்கவாட்டில் நின்றால் மெல்லிய மேடு ஒன்று தெரிந்தது. தளர்ந்த சட்டையை மேலே போட்டால் தெரியவில்லை. போட்டபின்னும் தெரிவதாகவே அவனுக்குத் தோன்றியது. இதுதான் பொருத்தமா, அன்றி இதுவும் ஒரு பிழையா என்று அறியாமலே கடைக்குப் போனான்.

லாரி வந்தது. முதல் மூட்டையை ஏற்றும்போது கண் இருளும் என்று காத்திருந்தான், இருளவில்லை. அடுத்ததிலும் இல்லை. தனசேகரன் அவனைச் சற்றுக் கூர்ந்து நோக்கியபோது எழில் சட்டையை முன்னே இழுத்துவிட்டுக்கொண்டான். "தம்பி, அந்த ஓரத்துல இருக்குற டி.ஏ.பி. மூட்டையையும் எறக்கிடு" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். அவர் கண்டாரா, காணவில்லையா, கண்டும் பொருட்படுத்தவில்லையா? விடை கிட்டவில்லை, வேலை கிட்டியது.

மறுவாரம் வசந்தா அந்தப் பைண்டரைத் துவைத்துப் பிழிந்து, கையில் ஏந்தியபடி முற்றத்தில் நின்றாள். பெண்களின் உள்ளாடையைப் பின்கட்டில் சேலைக்கு அடியில் காயவைப்பது வழக்கம். ஆண்களின் பனியன் தெருப்பக்கக் கொடியில் வெளிப்படையாகத் தொங்கும். பின்கட்டுக்கு நடந்தாள், பாதியில் திரும்பினாள். கடைசியில் தெருப்பக்கக் கொடியிலேயே போட்டாள்.

"வெயில்ல போடாதம்மா, எலாஸ்டிக் போயிடும்" என்றான் எழில்.

"அப்ப இத நான் எங்கதான் காயப் போடறது?" என்றாள் வசந்தா.

இருவருமாகச் சேர்ந்து நிழலைத் தேடினர்.