என் உடம்பை வைத்து நேர்ந்தவர்கள்

மதுரை ஆஸ்பத்திரி ஐசியுவுக்குள் மூச்சுக்குழாயோடு நான் கிடந்தபோது, வெளியே என் வீட்டுக்காரரும் நாத்தனாரும் சாமியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பேரத்தில் வைத்தது முழுக்க என் சரக்கு. நாத்தனார் என் தலைமுடியைக் கொடுத்துவிட்டாள். இவர் ஒரு படி மேலே போய், பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு நான் அக்கினிச்சட்டி எடுப்பேன் என்று எங்கள் ஊர் மாரியாத்தாளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

பிழைத்துப் பாலவனத்தம் வந்து சேர்ந்தேன். ஒரு செம்புத் தண்ணீரைத் தூக்கினால் பாதி சேலைக்குப் போனது. வாசல்வரை நடந்துவிட்டு, விருதுநகருக்கே நடந்து போய்வந்தவள் மாதிரி மூச்சு வாங்குவேன். சீப்பை வைத்தால் முடி கொத்தாக வந்தது. நாத்தனார் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“மதினி, பாத்தீகளா! உங்களால வர ஏலாதுன்னு ஆத்தாளே வீடு தேடி வந்து எடுத்துக்கிட்டா.”

முடிக்கடன் தீர்ந்தது. சட்டிதான் மிச்சம்.

பங்குனி நெருங்க நெருங்க இவருக்குச் சோறு இறங்கவில்லை. நேர்ந்ததைச் செய்யாவிட்டால் ஆத்தா என்னைத் திரும்ப ஐசியுவுக்கே அனுப்பிவிடுவாளோ என்ற பயம். எனக்கோ, நடுங்குகிற கையில் நெருப்பு நிற்குமா என்ற பயம். அதைவிட, ஆட்டோவில் பொட்டலம்போல ஏற்றிக் கோயில் வாசலில் இறக்கிவிடுவார்களே என்ற ஆத்திரம். சட்டி எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், என் காலால் நடந்து போய்ச் சேரவேண்டும்.

“நேந்தது யாரு வாயி?” என்று இவரைக் கேட்டேன்.

“என் வாயிதான்.”

“அந்த வாயிக்கும் ரெண்டு கையி இருக்குல்ல? அது எடுக்கட்டும்.”

பூசாரியும் ஒத்துக்கொண்டார். “புருசன் எடுத்தா என்ன, பொஞ்சாதி எடுத்தா என்ன? ஆத்தாளுக்குச் சட்டி வந்து சேரணும், அம்புட்டுத்தேன்.”

கஞ்சிப்பானையைக்கூட இறக்கி வைத்தறியாத மனுசன், மஞ்சள் வேட்டி கட்டி, வேப்பிலைமேல் சட்டியை ஏந்திக்கொண்டு கிளம்பினார். அடிக்கொரு தரம் “ஆத்தா!” என்றார். பக்தியா சூடா என்பது அந்த வேப்பிலைக்கே வெளிச்சம்.

“ஏலே, ஆடாமப் போலே!” என்று அவருடைய கூட்டாளி கத்தினார்.

“நீ வந்து பிடிலே, தெரியும்!”

வீட்டுக்கு வீடு நிறுத்தி இவர் காலில் மஞ்சத்தண்ணீர் ஊற்றினார்கள். நாத்தனார் தோளைப் பிடித்துப் பின்னால் நடந்த நான், பாதி வழியில் கையை எடுத்துவிட்டேன். அவளுக்கே தெரியவில்லை. தெருவுக்கே கண் சட்டிமேல். எனக்காகப் பிடித்துப் பின்னால் வரச் சொல்லியிருந்த ஆட்டோக்காரர்கூட இறங்கி வேடிக்கை பார்த்தார். சுவரைப் பிடித்தும் விட்டும் கூட்டத்தின் ஓரமாகப் போய்க்கொண்டே இருந்தேன்.

கோயில் வாசலில் சட்டியை இறக்கியதும் இவர் பதறித் திரும்பினார். “ஆட்டோ எங்க? இவள எங்க காணோம்?”

“இங்கதேன் நிக்கேன்” என்றேன், கோயில் படியிலிருந்து. “நீங்கதேன் ரொம்ப மெதுவா வாரீக.”