துரை வீட்டுக் கண்ணாடித் தொட்டி

டக் என்று ஒரே ஒரு சத்தம். விரல் முட்டியால் யாரோ கண்ணாடியைத் தட்டியது போல இருந்தது. கண்டியில், வெள்ளைக்கார டாக்டர் துரையின் பங்களாவில், ஒரு மத்தியான வேளையில் பக்கத்து அறையில் மருந்து கலந்துகொண்டிருந்தபோது அதை முதலில் கேட்டேன். எட்டிப் பார்த்தால் முன்கூடத்தில் ஆள் இல்லை. கடல்நீர் நிறைந்த கண்ணாடித் தொட்டி மட்டும் சன்னலோரம் இருந்தது.

மலையெல்லாம் கோப்பி காய்த்த காலம் அது. புகைவண்டி கண்டிக்கு வரத் தொடங்கிச் சில வருடங்களே ஆகியிருந்தன. கோப்பி மூட்டைகளைக் கொழும்புக்கு இறக்கிய அதே வண்டிதான் துரைக்காகக் கடல்நீரைப் பீப்பாய்களில் மேலே கொண்டுவந்தது. தோட்டங்களிலிருந்து காய்ச்சலோடு வருகிறவர்களைப் பார்த்து முடித்ததும் அவர் கதிரையை இழுத்துப் போட்டுத் தொட்டியின் முன் உட்கார்ந்துவிடுவார். அதில் சிப்பிகள், சின்ன நண்டுகள், விரலளவு மீன்கள் இருந்தன. நடுவில், திருகோணமலையிலிருந்து வந்த ஓட்டைகள் நிறைந்த ஒரு கடற்பாறைத் துண்டு.

சில நாட்களில் நண்டுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. தடித்த சிப்பிகள்கூட உடைந்து கிடந்தன. துரையின் சந்தேகம் கோக்கியார்மேல் விழுந்தது. கோக்கியார் என்றால் அந்த வீட்டின் சமையற்காரர். மன்னார்ப் பக்கத்து முஸ்லிம், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை நானா என்றே கூப்பிடுவேன். நண்டை எடுத்துக் குழம்பு வைத்துவிட்டான் என்று துரை எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அந்த மனிதர் தொட்டியின் பக்கமே போகமாட்டார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. எனக்கும் அந்த வேலை வேண்டியிருந்தது.

அன்று மாலை குசினி அடுப்பருகே வைத்து அவர் என்னிடம் சொன்னார்: "அந்தக் கல்லுக்குள்ள ஒண்டு இரிக்கி. றால் மாதிரித்தான். ஆனா முன்னங்கால மடக்கி வச்சிக் குத்தும். சிப்பி ஓடே தூளாப் போகும். நானும் என்ட தம்பியும் முத்துக் குளிச்சவங்க. பாறைப் பொந்துல கை வச்சவன் விரல அது பொளந்திரும்." தம்பியின் விரலையும் அது பிளந்ததாம். காயம் சீழ் பிடித்து, ஒன்பதாம் நாள் தம்பி இறந்துபோனான். அதற்குப் பிறகு அவர் கடலில் இறங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு தோட்டத் துரைமார் விருந்துக்கு வந்திருந்தார்கள். குசினிப் பேச்சு எப்படியோ துரையின் காதுக்கு எட்டியிருந்தது. விருந்தாளிகள் முன்னிலையில் அவர் கோக்கியாரைக் கூப்பிட்டார்.

"கல்லுக்குள் பிசாசு இருக்கிறது என்கிறாயாமே. கையை விட்டு அந்தக் கல்லை வெளியே எடு, பார்ப்போம்."

"ஏலாது துரை."

"எடுக்காவிட்டால் நாளை முதல் வேலைக்கு வரவேண்டாம்."

கோக்கியார் ஓரடி பின்வாங்கினார். விருந்தாளிகள் சிரித்தார்கள். துரை என் பக்கம் திரும்பினார். "நீ எடு."

சட்டைக் கையைச் சுருட்டினேன். துரை சொன்னதை மறுக்கும் தைரியம் அன்று எனக்கு இல்லை. விரல் நுனி தண்ணீரைத் தொட்டபோது பின்னாலிருந்து கோக்கியாரின் குரல் தாழ்ந்து வந்தது.

"தம்பி, கைய எடுங்க."

கை தானாக நின்றது. துரை மறுபடி அதட்டினார். நான் அசையவில்லை.

கோக்கியார் குசினிக்கு ஓடி நெருப்பு அள்ளும் இரும்பு இடுக்கியோடு வந்தார். இடுக்கியால் கல்லைப் பற்றித் தூக்கியதும், பொந்திலிருந்து ஒரு பச்சை உயிர் நழுவி விழுந்து கண்ணாடியோரம் ஒதுங்கியது. காம்பின்மேல் வைத்தாற்போல் இரண்டு கண்கள் தனித்தனியே திரும்பி எங்களைப் பார்த்தன. இடுக்கியின் நுனி அருகில் போனதும் டக் என்றது. இரும்பு அதிர்ந்தது எனக்கே தெரிந்தது. அடுத்த குத்து கண்ணாடியில் விழுந்தது. ஒரு கீறல் மேலிருந்து கீழ்வரை ஓடியது. மறுகணம் தொட்டி பிளந்து தண்ணீர் முழுவதும் கூடத்தில் கொட்டியது.

தரையில் துள்ளிக்கொண்டிருந்த அந்தப் புதிய உயிரைப் பார்த்துத் துரையின் முகம் மலர்ந்தது. கோபமெல்லாம் போய்விட்டது. "தொடாதீங்க துரை" என்று கோக்கியார் சொல்லி முடிக்குமுன் அவர் குனிந்து கையை நீட்டிவிட்டார். வலது கட்டைவிரலின் நகம் எலும்புவரை பிளந்தது. கோக்கியார் ஒரு செம்புச் சட்டியைக் கவிழ்த்து அதை மூடினார். பிறகு யாரும் சொல்லாமலே அடுப்பில் வெந்நீர் வைத்தார்.

அந்த விரலுக்கு நான்தான் தினமும் கட்டுப்போட்டேன். ஒன்பது நாளும் கோக்கியார் கதவருகே வந்து நின்று, காயத்தின் நிறத்தை என் முகத்தில் தேடிவிட்டுப் போவார். பத்தாம் நாள் வீக்கம் வடிந்தது. விரல் தப்பியது, ஆனால் மடங்கவில்லை. அதற்குப் பிறகு துரை அறுவைக் கத்தியை இடது கையில் பிடித்துப் பழகவேண்டியிருந்தது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. இருந்துகொள், சம்பளம் கூட்டித் தருகிறேன் என்றார். கோக்கியார் இருக்கவில்லை. அக்குறணையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பேசிக்கொண்டார்.

இப்போது அந்த மலைகளில் கோப்பி இல்லை. இலையில் விழுந்த நோய் எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் போனது; எங்கும் தேயிலை. துரையும் கப்பலேறி நாளாகிவிட்டது. என் பத்து விரல்களும் நன்றாகவே இருக்கின்றன. இதை எழுதுவதும் அவற்றால்தான்.

கோக்கியார் அக்குறணைக்குப் புறப்பட்ட அன்று மாத்தளை வீதியில் கொஞ்ச தூரம் கூடவே நடந்தேன். அவருடைய தகரப் பெட்டி என் தோளில் இருந்தது. "நானா, நண்டு விஷயத்துல அன்னைக்கே நான் பேசியிருக்கணும்" என்றேன்.

அவர் நின்று பெட்டியைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"பேசாட்டிப் பரவாயில்ல தம்பி. கைய எடுங்கண்டு சொன்னதும் நீங்க நிண்டீங்க. என்ட தம்பி அண்டைக்கு நிக்கல்ல."