ஐம்பத்தோரு நொடி

மருத்துவமனையில் அவருக்கு 'வழி' என்றுதான் பெயர். பதினாறு வருடமாக ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர். வண்டி மூலையில் திரும்புவதற்கு முன்பே குரல் திரும்பிவிடும்: "வழி, வழி! ஓரம், ஓரம்!" தாழ்வாரத்துக் கூட்டம், பெரிய டாக்டர் உட்பட, சுவரோடு ஒட்டிக்கொள்ளும். நோயாளியை ஆபரேஷன் தியேட்டரில் விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பும்போது பார்க்க வேண்டும். அப்போது சுவரோடு ஒட்டிக்கொண்டு வருகிறவர் அவர்தான்.

அந்தக் கால்கள் எட்டு வருடமாக மாரத்தான் ஓடுகின்றன. எட்டு வருடமும் ஒரே ஆசைதான்: வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பெரிய ஓட்டத்தில் ஒரு இடம். அவருடைய வயதுக்காரர்கள் அதற்கு முன் வேறொரு மாரத்தானை மூன்று மணி இருபது நிமிடத்துக்குள் முடித்துக்காட்ட வேண்டும். இந்த முறை முடிவுக் கோட்டைத் தாண்டியதும் அவர் கைக்கடிகாரம் 3:19:38 என்றது. ஷூவைக்கூடக் கழற்றாமல் நடைபாதையில் உட்கார்ந்து அழுதார். மறுநாள் வந்த பட்டியலில் 3:20:29 என்று இருந்தது. இருபத்தொன்பது நொடி அதிகம்.

கடிகாரம் பழுது என்று நினைத்துக்கொண்டார். பெரிய ஓட்டத்துக்கான பட்டியலை மூடுவதற்குள் இன்னும் ஒரே ஒரு ஓட்டம் பாக்கி இருந்தது, ஒன்பது வாரம் கழித்து. பெரிய எக்ஸ்ரே உறை ஒன்றைக் கிழித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டி, திட்டம் போட ஆரம்பித்தார். கிலோமீட்டருக்கு முக்கால் நொடி குறைக்க வேண்டும். உடம்பில் இரண்டு கிலோ இறக்க வேண்டும். வாரத்தில் ஆறு நாள் ஓட வேண்டும்.

இரண்டாம் வாரமே வலது முட்டி வீங்கியது. மாவுக்கட்டு போடுகிற அறையில் வேலை செய்யும் நண்பர் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"உள்ள தண்ணி கோத்திருக்கு. இதை வச்சு இன்னொரு ஓட்டம் ஓடலாம். அடுத்த வருஷம்னு ஒண்ணு இருக்கும்னு நினைக்காதே. இதைவிட வேகமா ஓடினியோ, பாதியில விழுந்துடுவ. அப்புறம் உன்னை நான் தள்ளிட்டு வரணும். எனக்கு உன்னை மாதிரி கத்த வராது."

வீட்டுக்கு வந்து எக்ஸ்ரே உறையின் முன்னால் நின்றார். எப்படிக் கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் முட்டி ஒரு பக்கம், நொடிகள் ஒரு பக்கம் இழுத்தன. அவர் மனைவி அதே மருத்துவமனையில் டோக்கன் கவுண்டரில் இருக்கிறாள். மைக் பாதி நாள் வேலை செய்யாது. அவளுக்கு அது தேவையும் இல்லை. பெரிய ஓட்டத்தின் விதிமுறைத் தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தவள், மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"என்னங்க, துப்பாக்கி சுட்டதுல இருந்து கணக்காம். நீங்க ஆரம்பக் கோட்டைத் தாண்டினதுல இருந்து இல்ல. உங்க வாட்சை எப்ப அமுக்கினீங்க?"

"கோட்டைத் தாண்டும்போது."

"அப்ப சுட்டு எவ்வளவு நேரம் ஆச்சு?"

அவர் தரையைப் பார்த்தார். விடியும்போதே போய் முதல் வரிசையில்தான் நின்றிருந்தார். ஒருவர் "சார், கொஞ்சம்" என்றார், நகர்ந்தார். இரண்டு பேர் செல்ஃபி எடுக்க வேண்டும் என்றார்கள், நகர்ந்தார். அப்பாவும் மகளும் சேர்ந்து நிற்க இடம் கேட்டார்கள். துப்பாக்கி வெடித்தபோது அவர் கழிப்பறைக் கூடாரத்தை ஒட்டி நின்றிருந்தார்.

அவளே கழித்துப் பார்த்தாள். "ஐம்பத்தோரு நொடி. தானம் பண்ணிட்டு வந்திருக்கீங்க. நீங்க ஒரு நொடிகூட வேகமா ஓட வேண்டாம். முன்னாடி போய் நின்னாப் போதும்."

"வேகமாவே ஓடிடறேனே," என்றார் அவர், கெஞ்சுகிற மாதிரி.

"முட்டி என்ன சொல்லுது?"

அவர் முட்டியைத் தடவிக்கொண்டார். அவள் பேனாவை எடுத்து உறையிலிருந்த கிலோமீட்டர்களைப் பாதியாகக் குறைத்தாள். கீழே எழுதினாள்: பஸ்ஸில் முதலில் ஏறுவது. கடையில் முதலில் கேட்பது. "வரிசைக்கு நடுவுல நுழையற ஆளுங்களைப் பதினோரு வருஷமா திட்டறவ நான். என் நேரம், வீட்டுக்காரருக்கே அதைச் சொல்லிக்கொடுக்கணும்."

ஓடுவதைவிட அது பெரும்பாடாக இருந்தது. பஸ் வந்தது; அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால், வாசலில் ஏழு பேரை ஏற்றிவிட்டுக் கீழேயே நின்றுகொண்டிருந்தார். பஸ் கிளம்பிவிட்டது. ரொட்டிக் கடையில் "நான்தான் முதல்ல வந்தேன்" என்று தெளிவாகச் சொன்னார், முந்திக்கொண்ட ஆள் வாங்கிக்கொண்டு போன பிறகு. வாரங்கள் கரைந்தன. முட்டி வீக்கம் வற்றியது. வாய்தான் திறக்கவில்லை.

"ஸ்ட்ரெச்சர் குரல்ல ஒரு சத்தம் விடேன். ஊரே ஒதுங்கும்," என்றார் நண்பர்.

"அது என் குரல் இல்ல. வண்டியில படுத்திருக்கறவங்களோடது." முகம் சிவந்துவிட்டது. "சும்மாக் கத்தினா, நாளைக்கு நிஜமாக் கத்தும்போது எவன் ஒதுங்குவான்?"

ஓட்டத்தன்று காலை மனைவி இரும்புத் தடுப்புக்கு வெளியே நின்றாள், கோட்டுக்கு நேராக. உள்ளே அவர் இருபதாவது வரிசையில் இருந்தார். "கொஞ்சம்..." என்றார். சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் முழங்கை வைத்து முன்னால் போனார்; இவர் தன்னையறியாமல் இடம் கொடுத்தார். இருபத்தொன்றாவது வரிசை. ஒலிபெருக்கி இரண்டு நிமிடம் என்றது. முட்டிக்குள் ஏதோ துடித்தது. வேகமாக ஓடிவிடலாம் என்று மறுபடி தோன்றியது. முடியாது என்றும் தெரிந்தது. ஒரு நிமிடம்.

"ரெண்டாயிரத்து முப்பத்தேழு!"

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. கவுண்டர் குரல். அவர் நெஞ்சில் குத்தியிருந்த எண்.

"ரெண்டாயிரத்து முப்பத்தேழு யாருங்க? உங்க முறை! முன்னால வாங்க!"

தலைகள் திரும்பின. எல்லோரும் அவரவர் நெஞ்சைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். அவர் காது மடல்வரை சூடானது. கை தானாக மேலே போனது, காத்திருந்து காத்திருந்து டோக்கன் எண் வந்த நோயாளியின் கை மாதிரி.

"நான்தாங்க," என்றார். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொருமுறை சொன்னார், தாழ்வாரத்துக் குரலிலும் இல்லாமல், ரொட்டிக் கடைக் குரலிலும் இல்லாமல். "நான்தான். நான் முன்னால நிக்கணும். வழி விடுங்க."

சிவப்புச் சட்டைக்காரர் எண்ணைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "அதை மொதல்லயே சொல்றதுதானே," என்று தோளைத் திருப்பினார். அவருக்கு முன்னால் இன்னொரு தோள். அதற்கு முன்னால் இன்னொன்று. ஒவ்வொரு தோளுக்கும் அதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே போனார்.

துப்பாக்கி வெடித்தது. கடிகாரத்தை அந்த நொடியிலேயே அமுக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கோடு காலுக்கடியில் போனது. தடுப்பில் சாய்ந்து அவள் நான்கு விரலை விரித்துக் காட்டினாள்.

இனி அவர் போன தடவை ஓடிய மாதிரி ஓடினால் போதும்.