புளியறையில் பூட்டனார் சமாதி

இன்று காலை புளியறையில் எங்கள் பூட்டனாரின் சமாதியை ஒருவழியாகக் கண்டுபிடித்தேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக யாரும் எட்டிப் பார்க்காத இடம்.

இப்போது அது கோயில். மலையேறும் லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்தித் தேங்காய் உடைக்கிறார்கள்.

"துடியான சாமியா, அக்கா?" என்று பூக்கடைக்காரம்மாவிடம் கேட்டேன்.

"ரொம்பத் துடி அண்ணாச்சி. பெத்த பிள்ளைகளே விட்டுட்டுப் போயிட்டாவல்லா, அந்தக் கோவம். ஊரு சனத்த ஒண்ணும் செய்யமாட்டாரு. அவரு வம்சத்து ஆளு சிக்குனாத்தான்..."

அதற்குள் பூசாரி தட்டோடு வந்துவிட்டார். "யாரு பேருக்கு அண்ணாச்சி?"

பயத்தில் மச்சினன் பெயரைச் சொல்லிவிட்டேன். அவன் வேறு வம்சம்தானே!

ஆனால் அது சாமிக்குத் தெரியுமா?

மச்சினன் இப்போது கேரளாவிலிருந்து இதே மலைப்பாதையில் காரோட்டி வருகிறான். என்னைக் கூட்டிப்போகத்தான்.

அந்தக் காரில் ஏறுவதா, தென்காசி பஸ்ஸைப் பிடிப்பதா? சீக்கிரம் சொல்லுங்கள், ஹாரன் சத்தம் கேட்கிறது.