குச்சி என்று எழுதியவள்

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் யாரோ மரவள்ளிக் குச்சி நறுக்குகிறார்கள். அந்தப் பச்சைப் பால் வாசனை ஜன்னல் வழியே வந்ததும், வகுப்புப் பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் எழுதிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

நான்காம் வகுப்பில் நாங்கள் தாளை மாற்றிக்கொண்டு திருத்துவோம். சார் பலகையில் விடை எழுதுவார். அதைப் பார்த்துப் பக்கத்துப் பிள்ளையின் தாளைத் திருத்த வேண்டும். 'செடி எதிலிருந்து முளைக்கிறது?' என்ற கேள்விக்குப் பலகையில் 'விதை' என்றிருந்தது. என் பக்கத்தில் உட்காரும் பாவாயி 'குச்சி' என்று எழுதியிருந்தாள். நான் பெரிதாகத் தப்புப் போட்டேன்.

"உங்க ஊட்லயும் குச்சிதானடி நட்டாங்க?" என்றாள்.

மரவள்ளிக்கு யார் விதை போட்டார்கள்? முந்தின நாள்தான் அம்மாவோடு நானும் எங்கள் காட்டில் குச்சி நட்டிருந்தேன். அந்தப் பால் என் நகக்கண்ணில் இன்னும் கறுத்து ஒட்டியிருந்தது.

"பலகையில அப்படி இல்லடி," என்றேன்.

அதன்பிறகு அவள் சொந்தமாக ஒன்றும் எழுதவில்லை. பலகையில் இருப்பதை மட்டும் பார்த்து எழுதினாள். அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டே நின்றுவிட்டாள்.

இப்போது நான் பிள்ளைக்குத் தக்கபடி கேள்வி வைக்கிறேன். எழுத வராத பிள்ளை வாயால் சொல்லலாம், செடியைப் பிடுங்கி வந்தும் காட்டலாம்.

போன வாரம் சோளக்காடு ஊர்ச் சந்தையில் மிளகு விற்றுக்கொண்டிருந்த பாவாயியிடம் அந்தத் தாளைப் பற்றிப் பேசினேன். "நீ எழுதுனதுதான் பாவாயி சரி," என்றேன்.

அவள் சிரித்தாள். "அட உடுங்க டீச்சர். எனக்கு அப்பவே படிப்பு ஏறலீங்க."