கட்டிலுக்கு மேலே ஒரு கண்ணாடி

முதலில் கேட்டது சத்தம்தான். பொரிக்காத அப்பளத்தை யாரோ கைக்குள் வைத்து ஒடித்ததுபோலச் சின்னதாக, உலர்ந்ததாக ஒரு சத்தம். கத்திரி வெயில் தொடங்கிய வாரம், செவ்வாய்க்கிழமை. சிவகாசியில், அக்காவின் கணவரான அத்தானின் அச்சக வளாகத்தில் எங்கள் கேரவன் வண்டி நின்றுகொண்டிருந்தது. முற்பகலிலேயே அதன் கூரை தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. டிரைவர் ஏணியில் ஏறி இரண்டாவது வாளித் தண்ணீரை அதன்மேல் ஊற்றினான். உள்ளே கட்டிலில் போர்வை விரித்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தேன். கட்டிலுக்கு நேர் மேலே, கூரையில் பதித்திருந்த குமிழ்க் கண்ணாடியில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைவரை ஒரு கோடு ஓடியிருந்தது. அதன் வழியே தண்ணீர் போர்வைமேல் சொட்டியது. கண்ணாடி என்றுதான் எல்லோரும் சொன்னோம். உண்மையில் அது வெயிலில் கிடந்து மஞ்சளாகிப்போன பிளாஸ்டிக்.

டிரைவர் எங்களிடம் வருவதற்கு முன் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு ஆபீஸில் வேலை பார்த்தவன். பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அங்கே கோடையில் அறைகளைச் சுற்றித் தரையையும் மணலையும் நனைத்துக்கொண்டே இருப்பார்கள். சூடாக எதைக் கண்டாலும் அவன் கை வாளியைத் தேடும்.

"ஏலே, இதென்ன பட்டாசு ஆபீஸா? தண்ணி ஊத்தச் சொன்னது யாருலே?" என்றார் அத்தான், கையில் ஆஸ்பத்திரி ஃபைலோடு.

"அக்காவுக்கு உள்ள வேக்காடா இருக்குமேன்னுதான் மொதலாளி…"

அத்தான் அதற்குமேல் அவனைத் திட்டவில்லை. அவருக்கு நேரமில்லை. அன்று பிற்பகல் அக்காவை மதுரைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

எதையும் மாதம், கிழமையோடு நினைவில் வைத்துக்கொள்வது என் பழக்கம். ஆகவே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு நோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது என்று தெரிந்தது ஐப்பசியில். உட்கார முடியாமல் போனது மார்கழியில். இந்த வண்டி வந்தது தை கடைசியில். கண்ணாடி விரிசல் விட்டது சித்திரையில். அக்கா இறந்தது ஆவணியில். மாசியில் அத்தான் வண்டியை விற்றார். இப்படி எழுதிப் பார்த்தால் எல்லாம் வேறு யாருடைய குடும்பத்திலோ நடந்ததுபோல இருக்கிறது. வெள்ளம் வந்த வருஷம், பஞ்சம் வந்த வருஷம் என்று பழைய ஊர்வரலாறுகளில் நிறையப் படித்திருக்கிறேன். வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு எப்படி இருந்தது என்று அவற்றில் இருக்காது. மறைத்தார்கள் என்று முன்பு நினைத்தேன். ஒருவேளை எழுதியவனுக்கே ஒன்றும் தோன்றாமல் இருந்திருக்கலாம்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிகிச்சைக்கு மதுரை போக வேண்டும், படுத்தபடியே போக வேண்டும் என்றதும் எல்லோரும் ஆம்புலன்ஸைத்தான் சொன்னார்கள். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிவருவார்கள். எந்தப் பட்டாசுக் கம்பெனியில் வெடித்தது, யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிகிறவரை உள்ளே போகமாட்டார்கள். "எனக்காக ஊருல ஒருத்தி வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு நிக்கக் கூடாது," என்றாள் அக்கா. அத்தான் சென்னைக்குப் போய், சினிமா படப்பிடிப்புகளுக்கு வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்த பழைய கேரவன் ஒன்றை வாங்கி வந்துவிட்டார். கட்டில், சின்ன அடுப்படி, சுற்றிலும் பல்பு வைத்த ஒப்பனைக் கண்ணாடி, கூரையில் அந்தக் குமிழ். வந்த நாளில் தெருப்பிள்ளைகள் எல்லாம் வண்டியைச் சுற்றி நின்றார்கள். விருதுநகரில் டீ குடிக்க நிறுத்தினால், எந்த நடிகை என்று கேட்டு இளவட்டங்கள் ஜன்னலை எட்டிப் பார்ப்பார்கள்.

"புதுமுகம்னு சொல்லுலே. பேரு இன்னும் வைக்கலன்னு சொல்லு," என்று உள்ளிருந்து அக்கா குரல் கொடுப்பாள்.

பயணம் முழுக்க மேலேயே பார்த்துக்கொண்டு வருவாள். புளியமரக் கிளைகள், மின்கம்பிகள், கம்பியில் உட்கார்ந்திருக்கும் கரிச்சான்கள், மேம்பாலத்தின் அடிவயிறு. வாந்தியும் வலியும் உண்டு. ஆனாலும் போகமாட்டேன் என்று அவள் ஒருமுறையும் சொன்னதில்லை. அதற்குக் காரணம் அந்தக் குமிழ்தான் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. அத்தான் எப்போதும் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனில் லேபிள் ஆர்டர் பேசிக்கொண்டு வருவார். தீபாவளிக்கான பட்டாசுப் பெட்டி லேபிள்கள் கோடையில்தான் அச்சாகும். சீசனை விட முடியாது.

விரிசலுக்கு அத்தான் செய்த வைத்தியம் எங்கள் ஊர்க்காரர் மட்டுமே செய்யக்கூடியது. அச்சடித்து முடித்த அலுமினியத் தகட்டை நாங்கள் எறிவதில்லை. கோழிக்கூண்டு, குளியலறைக் கதவு, ஒழுகும் கூரை என்று எல்லாவற்றுக்கும் அந்தப் பழைய பிளேட்தான். அத்தான் ஒன்றை எடுத்துக் கண்ணாடியின்மேல் மூடி, சுற்றிலும் பசை வைத்து, மெக்கானிக்கை விட்டு ரிவெட் அடித்தார். பளபளப்பான பின்பக்கம் வெளியே இருந்தால் வெயிலைத் திருப்பிவிடும் என்று அச்சுப் பக்கத்தை உள்ளே பார்க்க வைத்தார். அரை மணி நேர வேலை.

"சொட்டு எறங்காது. வேக்காடும் இருக்காது. எப்படி?" என்றார், அக்காவைக் கட்டிலில் கிடத்தியதும்.

"நல்லாருக்கு," என்றாள் அவள்.

தகட்டில் இருந்தது பூச்சட்டிப் பெட்டியின், அதாவது புஸ்வாணத்தின், லேபிள். ஒரே தகட்டில் பல லேபிள்கள் வரிசை வரிசையாக விழுந்திருக்கும். ஒவ்வொன்றிலும் அதே குழந்தை, அதே பல் தெரியும் சிரிப்பு. ஒரு வண்ணத்துக்கான தகடு என்பதால் எல்லாம் மங்கிய பச்சையில் இருந்தன. அன்று பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். ஆமத்தூர் வந்தபோது, "தம்பி, இந்தப் பிள்ளைக எல்லாம் என்னையவே பாத்துக்கிட்டு வருதுக," என்றாள். நான் அண்ணாந்து பார்த்தேன். போர்வையின் ஈரமான இடத்தை மடித்து உள்ளே தள்ளியதுதான் ஞாபகம் இருக்கிறது. மதுரை வரும்வரை அவள் கண்ணை மூடியே கிடந்தாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை, அத்தான் கஞ்சி கொண்டுபோனபோது, இனி மதுரைக்கு வரவில்லை என்றாள். அவர் கெஞ்சினார். இன்னும் கொஞ்சம் தடவைதான் என்று டாக்டர் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. கடைசியில் அவள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "மேல கண்ணாடி போட்டா வாரேன்."

"அம்புட்டுத்தான? போட்டுருவோம்."

அத்தானுக்கு அது ஆர்டர். நாள் குறித்துக் கொடுத்த ஆர்டர். மறுநாளே சென்னைக்குப் போன் போட்டார். அந்த மாடல் இப்போது வருவதில்லை என்றார்கள். கோயம்புத்தூரில் வண்டி கட்டுகிற ஒருவர் இரண்டு மாதம் ஆகும் என்றார். சீசன் உச்சத்தில் பிரஸ்ஸை மேனேஜர் கையில் விட்டுவிட்டு, அளவெடுத்த காகிதத்தோடு கடை கடையாக ஏறினார். விருதுநகரில் விளம்பரப் பலகை செய்யும் ஒருவர், அக்ரிலிக் பலகையைச் சூடாக்கிக் குமிழாக வளைத்துப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். முதல் குமிழ் கொப்புளம் கொப்புளமாக வந்தது. இரண்டாவது தெளிவாக வந்தது. அதைப் பழைய வேட்டியில் சுற்றி, பச்சைப்பிள்ளையைப்போல மடியில் வைத்துக் காரில் கொண்டுவந்தார்.

தகட்டைப் பெயர்த்து, விரிசல் விட்டதை எடுத்து, புதியதைப் பொருத்த ஒரு பகல் ஆனது. இரவெல்லாம் பசை காய விட்டு, மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன் சோதனை. இந்த முறை கூரையில் ஏறி நின்றது அத்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடம் குடமாக ஊற்றினார். டிரைவர் உள்ளே கட்டிலில் படுத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒழுகுதாலே?"

"இல்ல மொதலாளி."

"நல்லாப் பாருலே, தூங்கிராத!"

"நீங்க தெரியிறீக மொதலாளி. கால் பெருவெரல் வரைக்கும் தெரியுது."

வளாகத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். அவர் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. இனி அக்கா பிழைத்துக்கொள்வாள் என்றே அவர் அந்த நிமிஷம் நம்பினார் என்று நினைக்கிறேன். நான் எதையும் நம்பவில்லை, நம்பாமலும் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை போனோம். அக்கா தலை வாரிப் பூ வைக்கச் சொன்னாள். வழி முழுக்கக் கண்ணை மூடவில்லை. வைகாசி வானம் வெளுத்துக் கிடந்தது. மேகம்கூட இல்லை. அதில் பார்க்க என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது. சக்கரக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். அத்தான் பின்கதவைத் திறந்து கையை நீட்டினார்.

"நான் எறங்கல," என்றாள் அக்கா.

"என்ன புள்ள இது? கண்ணாடி போட்டா வாரேன்னு சொன்னேல்ல?"

"வாரேன்னுதான சொன்னேன். வந்துட்டேன்ல. எறங்குறேன்னு சொல்லல." கோபமாகச் சொல்லவில்லை. மளிகைக் கடையில் சாமான் போதும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். "எனக்கு இந்த ரோட்ட ஒருக்கா பாக்கணும்னு இருந்துச்சு. பாத்தாச்சு. போதுங்க. வீட்டுக்குப் போவோம்."

அத்தான் நீட்டிய கையை மடக்கவில்லை. பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன. காவலாளி விசிலை ஊதிக்கொண்டே ஓடிவந்து, "வண்டிய எடுங்க சார், வழிய மறிக்காதீங்க," என்று வண்டியின் பக்கவாட்டில் தட்டினான். கட்டில் தள்ளி வந்தவர்கள் இறக்கவா, போகவா என்று கேட்டார்கள். நான் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்காகவும் பேசவில்லை, அவருக்காகவும் பேசவில்லை. யார் பக்கம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"என்ன செய்யட்டும் மொதலாளி?" என்றான் டிரைவர்.

அத்தான் ஃபைலை என்னிடம் கொடுத்தார். "மாப்ள, நீ முன்னால போயி உக்காரு," என்றார். செருப்பைக் கழற்றி வண்டிக்குள் படியோரம் வைத்துவிட்டுப் பின்னால் ஏறினார். அக்கா மெல்ல நகர்ந்து இடம்விட முயன்றாள். நகர முடியவில்லை. கட்டிலின் ஓரத்தில் கிடைத்த ஒரு சாண் இடத்தில் அவர் ஒருக்களித்துப் படுத்தார். பிறகு தலையை மட்டும் திருப்பி அண்ணாந்து பார்த்தார்.

"திருப்புலே," என்றார்.

முன்சீட்டில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தானின் போன் அங்கேயே கிடந்தது. ஆர்டர்காரர்கள் மாறி மாறி அழைத்தார்கள். ஒலியைக் குறைத்து வைத்தேன். பின்னால் இருவரும் தணிந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டு வந்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. திருமங்கலம் தாண்டியபோது அக்கா சிரிக்கும் சத்தம் கேட்டது. டிரைவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.