இரண்டாம் தாள்

கஜலட்சுமி என்ற பேரை நான் முதன்முதலில் கேட்டது ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற அறை அது. "உங்க அழகமுத்து பெத்த கஜலட்சுமியத் தொட்டுப் பாருங்க, கொதிக்குது. ஒரு சொட்டு வேர்வை இல்ல" என்றாள் ஆயா. அழகமுத்து என் வீட்டுக்காரரின் தம்பி. ஈரத்துணியைச் சுற்றினோம், தணிந்தது. ஹந்தானைக் குளிரில் அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

அந்த வம்சத்துக்கே அப்படித்தான். என் மாமியாருக்கும் வேர்க்காது, முப்பது வயதிலேயே பல் கொட்டிவிட்டது. சம்பளம் எழுதுகிற செக்ரோலில் கைநாட்டு வைத்தால் மை அப்பினது மட்டும் தெரியும், வரி ஒன்றும் விழாது. "விரல்ல மெழுகு பூசிட்டு வந்தியா தாயி?" என்று கணக்கப்பிள்ளை கேலி பண்ணுவார். அந்த மைத்திட்டே அப்போது போதுமாக இருந்தது.

போன மழையில் தோட்டத்து வரிசை வீட்டில் கஜலட்சுமியின் லயக் காம்பராவை மண் மூடியது. புருஷன், இரண்டு பெண் பிள்ளைகளோடு அம்பிட்டியவில் என் ஒற்றை அறைக்கு வந்தாள். இரண்டு வருஷம் வெளிநாட்டு வேலைக்குப் போனால் ஒரு வீடு கட்டலாம் என்று டவுன் ஏஜென்சியில் பதிந்தாள். அங்கே மெஷின் அவள் விரலைப் படிக்கவில்லை. துடைத்து, கழுவி, ஏழு தடவை வைத்தாள். முன்னமே வெளிநாடு போய்த் துரத்தப்பட்டவள், ரேகையை எரித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று சந்தேகப்பட்டு, டாக்டர் கடிதம் கேட்டார்கள்.

நானும் கூடப் போனேன். தோல் டாக்டரம்மா எங்களுக்கு விளங்கும்படி சொன்னார். தோலின் அடித்தட்டில் இருக்கிற கலம், அதாவது செல், ஒவ்வொன்றுக்கும் உள்ளே தாய் தகப்பன் கொடுத்த எழுத்து இருக்கிறதாம். கலம் அதைப் பிரதி எடுத்து, பிரதியைப் பார்த்துச் சின்னத் துண்டுகளைக் கோத்து இழை செய்கிறதாம். இழைகள் சோடி சோடியாக முறுக்கிச் சேர்ந்து கயிறாகின்றன. அதுக்குப் பேர் கெரட்டின், தோலைத் தாங்குவது அதுதான். இவளுக்குத் தகப்பன் வழி எழுத்தில் ஒரு பிழை. பாதிக் கோத்ததோடு நின்றுபோகிறது. கயிறு போதாமல் அடித்தட்டுக் கலங்கள் முந்தியே செத்துவிடுகின்றன. அதனால்தான் வயிற்றிலிருந்தபோதே விரலில் வரி விழவில்லை, வேர்வையும் சரியாக வராது.

டாக்டரம்மா இரண்டு தாள் எழுதித் தந்தார். முதல் தாள், ரேகை பிறவியிலேயே இல்லை என்பது. இரண்டாவது, சூட்டில் வேலை செய்யக் கூடாது, உயிருக்கு ஆபத்து என்பது.

பஸ்ஸில் வரும்போதே கஜலட்சுமி இரண்டாவதை உருவி மடித்து என் கையில் வைத்தாள். "முதல் தாள் போதும் பெரியம்மா."

"வேணாம்டி. அந்த வெயில்ல பொரிஞ்சு போவ."

"வீட்டுக்குள்ளதான் வேலையாம், ஏசி இருக்காம். அடுத்த மழைக்கு எம்புள்ளைகள எங்க படுக்க வைக்கிறது? நீங்களே சொல்லுங்க."

 வீட்டுக்கு வந்ததும் தாளை அலுமாரியில் வைத்தேன்.

சித்திரையில் போனாள். ஏசி இருந்தது முதலாளிகளின் அறைகளில் மட்டும்தானாம். சமையலறையிலும் மொட்டை மாடியிலும் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வேலை செய்வதாகப் போனில் சொன்னாள். மூன்றாம் மாதம் ஒரு மத்தியானம் மாடியில் கம்பளம் கழுவப் போனவள் இறங்கி வரவில்லை. ஏறிப் பார்த்தபோது துண்டு காய்ந்து கிடந்ததாம்.

உடலை ஊருக்கு அனுப்புவதற்கு முன் ஆள் அவள்தான் என்று உறுதிசெய்ய, பதிவில் இருக்கிற கைரேகையைக் கேட்கிறார்களாம். முதல் தாளின் பிரதியை அனுப்பியிருக்கிறோம்.

கஜலட்சுமி அந்த நாட்டு ஆஸ்பத்திரியில், பிணங்களை வைக்கிற குளிர் அறையில் இருக்கிறாள். இன்றோடு பதினோரு வாரம்.